தோலுக்கும் யூரியா போடுகிறோம்

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் சங்கரலிங்க சுவாமி, கோமதி அம்மன், நடுவில் சங்கரநாராயணர் என்று மூன்று சன்னிதியையும் கும்பிட்டுவிட்டுப் போகும்போது, கையில் ஒரு பொட்டலம் புற்றுமண்ணும் இருக்கும். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களின் கதையோடு பிறந்த ஊர் இது. சொறி, சிரங்கு, படை, தேமல் என்று உடம்பில் எது கண்டாலும் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுவது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தோல் நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிற கூட்டத்தை ஆடித்தபசின்போது பார்த்தால், ஊறல் எடுக்காத உடம்பே கிடையாதோ என்று தோன்றும்.

புற்றுமண் என்றால் என்ன என்று உழவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையான் ஆழத்திலிருந்து பொடிக்களியைத் தூக்கிவந்து தன் எச்சிலால் ஒட்டிக் கட்டுகிற மண். களி என்பதால் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் உறிஞ்சும், காய்கிறவரை குளிர்ச்சி தரும். வேர்க்குருவுக்கும், புண்ணாகாத வெறும் ஊறலுக்கும் அதைப் பூசினால் இதமாக இருக்கிறது என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். நம்பிக்கை அவரவருடையது. ஆனால் தோல் உடைந்து நீர் வடிகிற இடத்தில், வெட்டுக்காயத்தில், சொறிந்து ரத்தம் வந்த இடத்தில் எந்த மண்ணும் படக்கூடாது. மண்ணில் தனுர்வாதக் கிருமி இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் புற்றுமண் இல்லை. அதே பையில் கூடவே இருக்கிற டியூப்.

எங்கள் பக்கத்தில் இயற்கை வேளாண்மை செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பத்து வருடமாக நிலத்தில் ஒரு பிடி யூரியா போட்டதில்லை, களைக்கொல்லி டப்பாவைத் தொட்டதில்லை. அவருக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. "ரெண்டு வருசமா இருக்கு அண்ணாச்சி. களிம்பு போட்டா நாலு நாள்ல போயிடுது. விட்டா பத்து நாள்ல திரும்ப வந்துடுது. இப்ப இடுப்பு, முதுகுன்னு ஏறிட்டுது" என்றார். டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் பின்புறம் எழுதியிருந்ததை வாசித்தேன். கடன் மனுவின் பொடி எழுத்தை முப்பது வருடம் வாசித்த கண், அதனால் விடவில்லை. பூஞ்சாணத்துக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, மூன்றாவதாகக் குளோபெட்டாசால். அதுதான் ஸ்டீராய்டு. பூச்சு மருந்தாக வருகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? தோலில் கிருமி நுழைந்ததும் உடம்பு சண்டைக்குக் கிளம்புகிறது. அந்தச் சண்டையின் அடையாளம்தான் சிவப்பும் தடிப்பும் ஊறலும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். ஊறல் போய்விடும், சிவப்பு மங்கிவிடும். பூஞ்சாணம் மட்டும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே மேய்ந்துகொண்டிருக்கும். வட்டமாக, ஓரம் தடித்து, நடு தெளிந்து இருக்கவேண்டிய படர்தாமரை தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். பழக்கப்பட்ட மருத்துவருக்கே அடையாளம் பிடிபடாது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். தொடையிடுக்கிலும் அக்குளிலும், பிள்ளை பெற்ற வயிற்றில் விழுகிற மாதிரி, கோடு கோடாகத் தழும்பு விழும். அந்தத் தழும்பு பிறகு போகவே போகாது.

வங்கியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாராக்கடனைக் காட்டாமலிருக்க, பழைய கடனை அடைப்பதற்கென்றே ஒரு புதுக்கடனைக் கொடுத்துக் கணக்கைப் 'பசுமையாக' வைத்திருப்பது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஏடு சுத்தமாக இருக்கும். வாங்கியவன் மட்டும் மூழ்கிக்கொண்டே இருப்பான். உழவர் மொழியில் சொன்னால், சத்து வற்றிய மண்ணில் யூரியாவை வீசி இரண்டு நாளில் பயிரைக் கரும்பச்சையாக்குவது. நிலத்தில் அதைச் செய்யமாட்டேன் என்று சபதம் எடுத்த மனிதர், தன் தோலில் இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் இதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். முன்பெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிய படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது, குடும்பம் முழுக்கப் பரவுகிறது, பழைய மருந்துக்குக் கேட்பதில்லை. இதைச் செய்கிற பூஞ்சாணத்துக்கு 2020-ல் தனிப்பெயரே வைத்தார்கள்: ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. டெர்பினாபின் என்ற முக்கியமான மருந்துக்கு இது பல இடங்களில் அசைந்து கொடுப்பதில்லை. 2023-ல் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டுச் செய்தியானது. கலப்பு மருந்தை அரைகுறையாகப் போடுவது, பாதியில் நிறுத்துவது, திரும்பப் போடுவது, இவற்றுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது மருத்துவர்களின் கருத்து. கரிசலில் பருத்தி போட்டவர்களுக்கு இது புரியும். காய்ப்புழுவுக்கு ஒரு மருந்து, அது கேட்காமல் போனதும் இன்னொன்று, பிறகு இரண்டையும் கலந்து ஒன்று. கடைசியில் புழு இருந்தது, பருத்திதான் இல்லை.

2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது. கடையில் போய், "படைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டால் இன்றைக்கும் பல இடங்களில் சீட்டு கேட்பதில்லை. ஆகவே நாமே பார்த்து வாங்கவேண்டிய நிலை. டியூபில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டாசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு அது வேண்டாம்.

அதற்காக ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. கரப்பான் என்று நாம் சொல்கிற எக்சிமாவுக்கும், செடி ஒவ்வாமைக்கும் தோல் மருத்துவர் அளந்து, நாள் குறித்துக் கொடுக்கும்போது அதே மருந்துதான் மனிதரைக் காப்பாற்றுகிறது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகிறது என்பதால்தான் வந்திருப்பது எது என்று முதலில் தெரியவேண்டும். இலை மஞ்சளானால் தண்ணீர் தேங்கியதா, இரும்புச்சத்துக் குறைவா, வைரஸா என்று பார்க்காமல் தெளிப்பானைத் தூக்குகிறவரை நாம் உழவர் என்று ஒத்துக்கொள்வோமா?

நண்பர் அரசு மருத்துவமனைக்குப் போனார். களிம்பை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் ஊறல் முன்பைவிடக் கூடியது. அது வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தார். பூஞ்சாண மாத்திரையும் கலப்பில்லாத களிம்பும் வாரக்கணக்கில் எடுத்தார். தழும்பின் ஓரத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரையும் பார்த்தார்கள். படையும் கட்டியும் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது அவசியம்.

வீட்டில் செய்யவேண்டியதற்குச் செலவு இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு சோப்பு. உள்ளாடையை உள்புறம் வெளியே திருப்பிச் சுடுவெயிலில் காயப்போடுவது. இறுக்கமான ஜீன்ஸை விட்டுவிட்டு வேட்டியோ தளர்ந்த பருத்தித் துணியோ உடுத்துவது. வேலை முடிந்ததும் வியர்வைத் துணியோடு டீக்கடையில் உட்காராமல் குளித்து ஈரம் ஒற்றுவது. அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது கட்டலாம், குணமாகிறவரை கட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. நாளெல்லாம் ஈரத்தோடு இடுப்பில் கிடக்கிற கயிறு பூஞ்சாணத்துக்கு நாற்றங்கால் மாதிரி. கன்றுக்குட்டியையும் பாருங்கள். கண்ணைச் சுற்றியோ கழுத்திலோ வட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்கு கட்டியிருந்தால் அதுவும் பூஞ்சாணப் படைதான். அதைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கும் ஒட்டும்.

மூலிகை கேட்பீர்கள். சீமை அகத்தியைச் சொல்வேன். மெழுகுவத்தி நிறுத்தியது போல மஞ்சள் பூ பூக்கும், வண்டுகொல்லி என்றும் பெயர். அதன் இலைச்சாறு படர்தாமரைக்கு என்று நம் சித்த மருத்துவத்தில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 'அகபுல்கோ' என்ற பெயரில் அரசு ஏற்ற மூலிகை மருந்துகளில் அதுவும் ஒன்று. பூஞ்சாணத்தை அடக்கும் பொருள் அந்த இலையில் இருக்கிறது. கையில் காலில் சிறிய வட்டமாக ஆரம்பித்திருக்கும்போது அரைத்துப் பூசிப் பார்க்கலாம். தொடையிடுக்கு போன்ற மென்மையான இடத்தில் எரியும். உடம்பெல்லாம் பரவிவிட்டதற்கு இது போதாது. எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசச் சொல்பவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்பட்டது போலக் கொப்பளித்துக் கறுத்துவிடும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நெல் நடவுக்காரர்களின் சேத்துப்புண்ணுக்கு மருதாணியும் மஞ்சளும் அரைத்து விரலிடுக்கில் வைப்பது பழைய முறை. அதிலும் பாதி மருந்து, ராத்திரி காலைக் காயவைப்பதில் இருக்கிறது.

சிரங்குக்கு வருகிறேன். இதைப் படர்தாமரை என்று நினைத்து டியூப் போடுகிறவர்கள் நிறைய. சிரங்கை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத உண்ணி, தோலுக்குள் வளை தோண்டும். ராத்திரியில்தான் ஊறல் கொல்லும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொடிப்பொடியாக இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்தால் சிரங்கா என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதைப் பற்றி 1992-ல் ஒரு மருத்துவ இதழில் முன்னோட்ட ஆய்வு ஒன்று வந்தது. 814 பேரில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளில் குணமானதாக அதில் இருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சொல்ல நல்ல எண்ணிக்கை. மருத்துவமனையில் பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பு கொடுப்பார்கள். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை ஓர் இடம் விடாமல் பூசி, ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான். பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லிதானே என்று நம்மவர் ஒருவர் கேட்டார். ஆமாம், சாமந்தி இனத்துப் பைரெத்ரம் பூவின் சத்தைப் பார்த்து ஆலையில் செய்தது. வேம்போ பெர்மெத்ரினோ, எதைப் பூசினாலும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். பாய், போர்வை, துணி எல்லாம் அன்றைக்கே வெந்நீரில் துவைத்து வெயிலில் போடவேண்டும். ஊறல் இல்லாத மாமனார் மட்டும் விடுபட்டால், அடுத்த மாதம் அவரிடமிருந்து எல்லோருக்கும் திரும்ப வரும்.

வெள்ளையாகத் தெரியும் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சிலும் முதுகிலும் மங்கலாக, சுரண்டினால் தவிடு போல உதிர்ந்தால் அது தேமல். பால்வெள்ளையாக, உணர்ச்சி குறையாமல் இருந்தால் பெரும்பாலும் வெண்புள்ளி. அது தொற்றவே தொற்றாது, அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவது அறியாமை. வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கிற தழும்பைக் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணம். தள்ளிப்போட்டால் விரல் போகும்.

இனி நம் தொழிலோடு நேராகச் சம்பந்தப்பட்டது. களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தால் களையைக் கையால்தான் எடுக்கவேண்டும். அந்தக் கை பெரும்பாலும் நம்முடையது இல்லை, கூலிக்கு வரும் பெண்களுடையது. எங்கள் தோட்டத்துக்கு வரும் ஓர் அக்காவுக்கு மூன்று மழைக்காலமாகக் கண்ணிமை வீங்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்தன. "வெயில்ல போனா எரியுது சார், தூக்கம் இல்ல" என்றார். பூச்சிக்கடி என்றார்கள், அம்மை என்றார்கள், கத்தரிக்காய் கருவாடு தின்னாதே என்றார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒட்டுச் சோதனை செய்து பார்த்தபோது பார்த்தீனியம் என்று தெரிந்தது.

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, கோதுமை இறக்குமதியோடு வந்தது என்பார்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் புனே வட்டாரத்தில் உழவர்கள் பலருக்கு இதனால் முகமும் கழுத்தும் புண்ணானது. செடியின் மேலிருக்கும் நுண்ணிய முடிகளில் பார்த்தினின் என்ற பொருள் இருக்கிறது. செடியைத் தொடவேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்து பொடிந்து காற்றில் பறந்து, வியர்த்த முகத்தில் ஒட்டினாலே போதும். எல்லோருக்கும் வராது. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் உடம்பு ஒவ்வாது என்று முடிவெடுத்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் வரும். முற்றினால் வெயிலே ஆகாமல் போய்விடும், தோல் கறுத்து மாட்டுத்தோல் மாதிரி தடிக்கும். அப்படி ஆன உழவர் வெளியே போய்ப் பிழைக்க முடியாது. கேந்தி, சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் இதன் குடும்பம்தான். பார்த்தீனியம் ஆகாத சிலருக்கு அவையும் ஆகாது. சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பூப்பறித்து அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே செடி பல ஆயிரம் விதை போடும். அதனால் பூப்பதற்கு முன் பிடுங்குவதுதான் வழி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு வரும். பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்கவைத்தால் நல்ல எரு. பூத்ததைக் குவித்துக் காயவிடுவதும் எரிப்பதும் கூடாது, காற்றில் பறப்பது அதுதான். தெருவோரத்தில், கட்டிட ஓரத்தில் கல்லுப்புக் கரைசல், லிட்டருக்கு 150 முதல் 200 கிராம்வரை கரைத்துத் தெளித்தால் கருகும். நிலத்திலும் வரப்பிலும் அதைச் செய்யாதீர்கள், உப்பு அங்கேயே தங்கிவிடும். மழைக்கு முன் தகரை விதையைத் தூவிவிட்டால் அது முந்தி முளைத்துப் பார்த்தீனியத்தை அமுக்கும். மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984-ல் பெங்களூரில் விட்ட வண்டு ஒன்றும் உண்டு, அது பார்த்தீனிய இலையைத்தான் தின்னும். வரப்பில் அந்த வண்டைக் கண்டால் விரட்டவேண்டாம்.

நம் சொந்தத் தயாரிப்புகளையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இயற்கை என்பதால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலை வெறுங்கையால் பிழிந்தவருக்கு அன்றைய ராத்திரி தூக்கம் கிடையாது. பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும். சேங்கொட்டையை அனுபவம் இல்லாதவர் தொடவே கூடாது. கரைசலைக் கலக்கக் கட்டையும், வடிக்கத் துணியும், கைக்கு உறையும் வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக்கூடாது என்பது ரசாயன மருந்துக்கு மட்டும் சொன்னது இல்லை.

அந்த அக்கா இப்போது மருத்துவர் கொடுத்த மருந்தில் தேறியிருக்கிறார். வரப்பில் களை எடுக்க அவரைக் கூப்பிடுவதில்லை. நாற்றங்காலிலும் விதை பிரிக்கிற இடத்திலும் வேலை பார்க்கிறார், கூலி அதேதான். மோட்டார் அறைச் சுவரில் நாலு ஜோடி ரப்பர் கையுறையும் ஐந்தாறு பழைய முழுக்கைச் சட்டையும் தொங்குகின்றன. தொட்டிப் பக்கத்தில் ஒரு சோப்பு. வேலை முடிந்து கையும் முகமும் கழுவி, அந்தச் சட்டையைக் கழற்றி அங்கேயே வாளியில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். துவைக்கிற சோப்புத்தூள் என் செலவு.